ரோட்டுலதானே இருந்தாங்க, எடுத்தா என்ன? பொது இடத்தில் படம் பிடிப்பதும் நம் அந்தரங்க உரிமையும்

எங்கள் தெருமுனையில் ஓர் அக்கா பூக் கட்டி விற்கிறார். போன ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் இருபது வயதுப் பையன் ஒருவன் அவரிடம் வந்து, இருக்கிற பூவை எல்லாம் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களைக் கையில் திணித்தான். அக்கா திகைத்துப் போனார், கண்ணும் கலங்கிவிட்டது. எதிர்ப்பக்கம் பைக்கில் உட்கார்ந்திருந்த இன்னொருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

நாலு நாள் கழித்து மகளிடமிருந்து போன் வந்தது. "உங்கம்மா ரோட்டுல அழுது காசு வாங்குறாங்களாமே" என்று மாமியார் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். சோகமான இசையோடு, 'ஆதரவற்ற மூதாட்டி' என்ற தலைப்போடு அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. அக்காவுக்கு வயது ஐம்பத்து நாலு. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்து, மகளுக்குக் கல்யாணமும் செய்து வைத்தது அந்தப் பூக்கூடைதான். "நான் கேட்டேனா அவன்கிட்ட?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

தெருவில் இதைப் பற்றிப் பேசியபோது பாதிப் பேர் சொன்ன பதில் ஒன்றுதான்: "ரோட்டுலதானே உக்காந்திருக்காங்க? பொது இடம். யார் வேணா எடுக்கலாம்."

இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி எங்கே தவறுகிறது என்று புரிந்துகொண்டால், நம்மை யாராவது படம் பிடிக்கும்போது வாயடைத்து நிற்க வேண்டியிருக்காது.

உண்மையான பாதியை முதலில் பார்த்துவிடலாம். இந்தியாவில் தெருவில் நின்று படம் எடுக்க யாரும் அனுமதி வாங்க வேண்டும் என்று பொதுவான சட்டம் கிடையாது. மெரினாவில் குழந்தையைப் படம் எடுக்கிறீர்கள், பின்னால் ஐம்பது பேர் விழுகிறார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை எடுக்கிறீர்கள், லட்சம் முகங்கள் பதிகின்றன. அவர்களிடம் எல்லாம் சம்மதம் கேட்பது நடக்கிற காரியம் இல்லை, சட்டமும் அதைக் கேட்கவில்லை. செய்தியாளர், புகைப்படக் கலைஞர், கல்யாண வீட்டு வீடியோகிராபர் என எல்லோரும் வேலை செய்வது இந்தச் சுதந்திரத்தில்தான். அதைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

சிக்கல் 'யார் வேணா' என்பதிலிருந்து 'எப்படி வேணா, எதுக்கு வேணா' என்று தாவும்போது தொடங்குகிறது. கண்ணால் பார்ப்பதும் கேமராவில் பதிவதும் ஒன்று என்று நினைப்பதால் வரும் தாவல் அது. நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்பதை எதிரில் இருப்பவர் பார்ப்பார், ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார். அவர் என்னைப் பார்ப்பதை நானும் பார்க்கிறேன். பிடிக்காவிட்டால் திரும்பி உட்காரலாம், எழுந்து போகலாம். அதையே ஒருவர் பதிவு செய்து, என் வாயில் பஜ்ஜி இருக்கும் நொடியை நிறுத்தி, ஒரு கேலி வசனத்தைச் சேர்த்து வெளியிட்டால் கதை வேறு. பார்ப்பவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது, எத்தனை பேர் என்றும் தெரியாது. பத்து வருடம் கழித்து வேலைக்கு நேர்காணல் செய்பவர் கண்ணிலும் அது படலாம். தெருவில் நடந்தபோது நான் ஒப்புக்கொண்டது தெருவில் இருந்தவர்களின் பார்வையை மட்டும்தான்.

இந்தக் கவலை செல்போனோடு பிறந்தது அல்ல. 1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கோடாக் கேமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவரை படம் எடுக்கப் பெரும்பாலும் ஸ்டுடியோவில் அசையாமல் உட்கார வேண்டும், அதாவது படத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் படம் எடுப்பது அரிது. கைக்கேமரா வந்ததும் அந்த நிலை போயிற்று. இரண்டே வருடத்தில், 1890-ல், சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்ற இரண்டு அமெரிக்க வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட இதழில் அந்தரங்க உரிமை குறித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். நொடியில் எடுக்கும் படங்களும் செய்தித்தாள்களும் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டன என்பதுதான் அவர்கள் புகார். மனிதனைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடும்படி கேட்க அவனுக்கு உரிமை உண்டு என்றார்கள். சில வருடம் கழித்து, நியூயார்க்கில் ஓர் இளம்பெண்ணின் படத்தை அவரைக் கேட்காமலேயே மாவு விளம்பரத்தில் அச்சடித்து 25,000 போஸ்டர்கள் ஒட்டினார்கள். அவர் வழக்குப் போட்டார், 1902-ல் தோற்றார். அந்தத் தீர்ப்பைக் கண்டு மக்கள் கொதித்ததால், அனுமதி இல்லாமல் ஒருவர் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அடுத்த வருடமே அந்த மாநிலம் சட்டம் போட்டது.

நம் நாட்டில் இந்தக் கதையின் முக்கியமான ஒரு கட்டம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட இருந்தது. அதில் தங்கள் பெயர் வந்துவிடும் என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டியது. ஒரு குடிமகனின் குடும்பம், திருமணம், தாய்மை, குழந்தைப்பேறு, கல்வி போன்றவற்றைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது, அது உண்மையாகவே இருந்தாலும் சரி. ஆனால் அரசு அதிகாரி தன் கடமையில் செய்ததைப் பற்றி எழுதும்போது அவர் அந்தரங்கம் என்ற கதவுக்குப் பின்னால் ஒளிய முடியாது. இந்த இரண்டாவது பகுதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு 2017 ஆகஸ்ட் 24. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி ஆதாருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். நீண்ட அந்தத் தீர்ப்பில் நம் பூக்கார அக்காவுக்கு வேண்டிய கருத்து ஒன்று இருக்கிறது. பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் தன் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை, அது மனிதரின் கண்ணியத்தோடு சேர்ந்தது என்பதே அது. வீட்டில் எதிர்பார்க்கும் அளவுக்குத் தெருவில் எதிர்பார்க்க முடியாது. அளவு குறையும், ஆனால் முழுதாய்ப் போய்விடாது. நம்மோடு கூட வரும் நிழலைப் போல, இடத்துக்கு ஏற்ப நீளும், சுருங்கும்.

சட்டத்தின் வரிகளுக்குள் போகலாம்

அடிப்படை உரிமை என்றதும் போலீஸ் ஸ்டேஷனில் போய் "எனக்கு 21-வது பிரிவு இருக்கிறது" என்று சொல்ல முடியாது. அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துபவை. பக்கத்தில் நின்று போனைத் தூக்கும் ஆளின் மேல் வழக்குப் போட, குறிப்பிட்ட குற்றப் பிரிவு ஒன்று வேண்டும்.

தெளிவான பிரிவு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை, உள்ளாடையோடு இருந்தாலும், சம்மதம் இல்லாமல் படம் எடுத்தாலோ பரப்பினாலோ மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் நான் மிகவும் மதிக்கும் விஷயம், அந்த நபர் பொது இடத்தில் இருந்தாரா தனி இடத்தில் இருந்தாரா என்பது பொருட்டில்லை என்று சட்டமே எழுதி வைத்திருப்பது. எஸ்கலேட்டரில் பின்னால் நின்று பாவாடைக்குக் கீழே போனை நீட்டுபவன் 'பொது இடம்' என்று வாதாட முடியாது. இந்தப் பிரிவுக்கு ஆண், பெண் வேறுபாடும் கிடையாது.

அடுத்தது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 354-சி. பெண் ஒருவர் உடை மாற்றும்போது, கழிப்பறையில் இருக்கும்போது என, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி இருக்கும் நேரத்தில் ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் இதன்படி குற்றம். முதல் முறை குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. இதே பிரிவின் விளக்கத்தில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது: அந்தப் பெண் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்காவிட்டால் பரப்புவது குற்றம். எடுக்கவிடுவதும் வெளியிடவிடுவதும் இரண்டு தனித்தனிச் சம்மதங்கள். இந்தப் பிரிவைத் தாண்டியும் எல்லோரும் கைக்கொள்ள வேண்டிய நியாயம் இது. மைக்கை நீட்டிக் கேள்வி கேட்டவருக்கு நாலு வார்த்தை பதில் சொன்னோம் என்றால், அதை வெட்டி ஒட்டிச் சிரிப்புச் சத்தம் சேர்த்துப் போட அனுமதி கொடுத்தோம் என்று ஆகாது.

இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. முழு உடையோடு தெருவில் நடந்து போகும் பெண்ணை ஒருவன் படம் எடுத்தால் 77 பொருந்துமா? பொருந்தாது. கேரளத்தில் வீட்டு வாசலில் நின்ற பெண்ணைக் காரில் வந்தவர்கள் படம் எடுத்த வழக்கில், அது 354-சி ஆகாது என்று 2024-ல் அம்மாநில உயர் நீதிமன்றம் சொன்னது. அதே வழக்கில் பாலியல் தொல்லை, கண்ணியத்தை அவமதிக்கும் சைகை ஆகியவற்றுக்கான பிரிவுகள் நிற்கலாம் என்றும் சொன்னது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், அந்தரங்கச் செயல் எதிலும் ஈடுபட்டிராத பெண்ணை அனுமதி இல்லாமல் படம் எடுத்தது அந்தப் பிரிவின் கீழ் வராது என்று முடிவு செய்தது. தீர்ப்பைப் படித்தால் கோபம் வரும். ஆனால் சட்டத்தின் வாசகம் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே புகார் எழுதும்போது எந்தப் பிரிவு என்பது முக்கியம். தவறான பிரிவில் போட்ட வழக்கு, உண்மையான துன்பத்தையும் சேர்த்தே விழுத்தாட்டிவிடும்.

அந்த ஓட்டைக்கு அருகில் கைகொடுக்கக்கூடியவை அதே சன்ஹிதாவின் 78-ம் 79-ம். வேண்டாம் என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் மீண்டும் மீண்டும் பின்தொடர்ந்து அவரைத் தொடர்புகொள்ள முயல்வது 78. பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு சொல், சைகை, செயல் எதையும் செய்வது, அவர் அந்தரங்கத்தில் அத்துமீறி நுழைவது 79.

2025-ல் பெங்களூருவில் இரண்டு சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. மே மாதம், மெட்ரோ ரயிலில் பயணம் செய்யும் பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவந்த ஒருவர் கைதானார். பின்தொடர்தல் பிரிவும், ஆபாசமானதைப் பரப்புவதற்கான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவும் அவர்மேல் போடப்பட்டன. ஜூலையில் சர்ச் ஸ்ட்ரீட்டில் நடந்து போகும் பெண்களை, ஏதோ தெருவின் அழகைக் காட்டுவதுபோல எடுத்து வெளியிட்டவர் கைதானார். அந்த வீடியோவில் இருந்த இளம்பெண் ஒருவர்தான் அதைப் பற்றி முதலில் வெளிப்படையாக எழுதினார். தன் இன்ஸ்டாகிராம் கணக்கு எல்லோருக்கும் திறந்திருப்பதால், பொது இடத்தில் தன்னைப் படம் எடுக்கலாம் என்று ஆகாது என்றார். அவருடைய கணக்கைத் தேடிக் கண்டுபிடித்து ஆபாசச் செய்திகள் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் எடுத்த பத்து நொடி வீடியோ, நூறு பேர் கையில் துன்புறுத்தலாக மாறிவிட்டது.

இந்த இரண்டு வீடியோவிலும் எந்தப் பெண்ணின் உடையும் விலகியிருக்கவில்லை. இருந்தும் ஏன் வழக்கானது? தெருவைப் படம் எடுப்பவரின் கேமரா தெருவில் நிற்கும். இவர்களுடைய கேமரா ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, அவள் பின்னாலேயே போய், உடம்பில் தங்கியது. ஒரு வீடியோவைப் பார்த்து இது சரியா தவறா என்று குழம்பும்போது நான் பார்ப்பது இந்த அசைவைத்தான்.

தமிழ்நாட்டுக்கு என்று தனிச் சட்டமும் உண்டு. 1998-ல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் கேலி செய்தவர்களின் செயலால் உயிரிழந்த பிறகு வந்தது அது. பின்னாளில் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடை செய்யும் சட்டம் என்று பெயர் மாறியது. ஒரு பெண்ணுக்கு அச்சம், வெட்கம், சங்கடம் உண்டாக்கும் அநாகரிகமான நடத்தையே அதன்படி துன்புறுத்தல், உடம்பில் கை பட வேண்டியதில்லை. 2025-ல் வந்த திருத்தம், இணையம் வழியான தொல்லையையும் அதற்குள் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் பெசன்ட் நகர் கடற்கரையில் பெண்களிடம் ஆபாசமாகக் கேள்வி கேட்டுப் படம் பிடித்த யூடியூப் சேனலைச் சேர்ந்த மூவரைச் சென்னைப் போலீஸ் கைது செய்தபோது, மைக்கோடு திரிந்த பல சேனல்கள் கொஞ்ச நாள் அடங்கியிருந்ததைக் கடற்கரைக்குப் போகிறவர்கள் கண்டிருப்பார்கள்.

ஆண்களுக்கு என்ன? குடித்துவிட்டு டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடப்பவரை எடுத்து மீம் ஆக்குகிறோம். அவருக்கும் பள்ளிக்கூடம் போகும் மகள் இருப்பாள். மேலே சொன்ன பல பிரிவுகள் அவருக்கு உதவாது. அவதூறுக்கான, சன்ஹிதாவின் 356-வது பிரிவு, உரிமையியல் வழக்கு, வீடியோவை நீக்கச் சொல்லி நிறுவனத்திடம் புகார், இவ்வளவுதான் அவர் கையில். போதாது என்பது என் கருத்து. பூக்கார அக்காவின் வீடியோவும் கிட்டத்தட்ட இந்தக் கணக்கில்தான் வருகிறது, ஏனென்றால் ஆபாசம் எதுவும் இல்லை, 'உதவிதானே செய்தான்' என்பார்கள். 2022-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், கடைத்தொகுதியில் தனியே உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியிடம் இளைஞன் ஒருவன் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனான், அவரைக் கேட்காமலேயே அதைப் படம் எடுத்தார்கள். கோடிக்கணக்கானோர் பார்த்து உருகினார்கள். அந்த அம்மையாரோ, தன்னை மனிதராகவே மதிக்கவில்லை என்று உணர்ந்ததாக வானொலியில் சொன்னார். அமைதியாக உட்கார்ந்திருந்தவரைப் பரிதாபத்துக்குரிய கிழவியாக உலகத்துக்குக் காட்டிவிட்டார்கள். உதவி செய்ய நினைப்பவருக்குக் கேமரா எதற்கு?

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் கறாரானது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, வழக்கில் சிக்கிய சிறுவன், காப்பகக் குழந்தை, இவர்களின் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது. நல்லெண்ணத்தில் 'ஷேர் பண்ணுங்க' என்று போடுவதும் இதில் சேரும். மால், தியேட்டர், கோயில் போன்ற இடங்களில் நிர்வாகமே கேமராவுக்குத் தடை விதிக்கலாம். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது நினைவிருக்கும்.

போலீஸை எடுக்கலாமா?

நான் தள்ளி வைத்த இடம் இதுதான். அந்தரங்க உரிமை என்ற சொல்லை, கேள்வி கேட்கப்படக் கூடாதவர்கள் கேடயமாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நடுரோட்டில் ஒருவரை அறையும் காவலர், லஞ்சம் வாங்கும் அலுவலர் எல்லாம் "என்னை ஏன் எடுக்கிறே" என்று கேட்பார்கள். கடமையில் இருக்கும் அதிகாரியின் நடத்தை அவருடைய சொந்த வாழ்க்கை ஆகாது என்று ஆட்டோ சங்கர் வழக்கே சொல்லிவிட்டது. காவல் நிலையத்துக்குள் வீடியோ எடுத்தவர்மேல் அலுவல் ரகசியச் சட்டத்தில் போட்ட வழக்கை, காவல் நிலையம் அந்தச் சட்டம் சொல்லும் தடை செய்யப்பட்ட இடம் அல்ல என்று சொல்லி, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022-ல் ரத்து செய்தது. அவர்கள் வேலையைத் தடுக்காமல், தள்ளி நின்று எடுங்கள். 2020-ல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்தியதைப் பதினேழு வயதுப் பெண் தெருவில் நின்று எடுத்திருக்காவிட்டால், அந்தக் கொலை போலீஸ் அறிக்கையின் நாலு வரிகளுக்குள் புதைந்திருக்கும். மேலே இருப்பவரை நோக்கிக் கீழே இருப்பவர் தூக்கும் கேமராவும், பூ விற்பவரை நோக்கி வியூஸ் தேடுபவர் தூக்கும் கேமராவும் ஒன்றல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்களுக்கே நேர்ந்தால்

முதலில் வாயைத் திறந்து, சுற்றியிருப்பவர்கள் காதில் விழும்படி, "என்னை எடுக்காதீங்க, எனக்குச் சம்மதம் இல்லை" என்று சொல்லுங்கள். வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னதற்குச் சாட்சி கிடைக்கிறது, 78-வது பிரிவுக்கு அது உயிர்நாடி. போனைப் பிடுங்காதீர்கள், அடிக்காதீர்கள். கதை தலைகீழாகி நீங்கள் குற்றவாளியாக நிற்க நேரும். உங்கள் போனை எடுத்து அவரையும் அவர் வண்டி எண்ணையும் பதிவு செய்யுங்கள்.

கூட்டமாகச் சூழ்ந்து "டெலிட் பண்ணுடா" என்று அழிக்க வைப்பது நம் ஊர் வழக்கம். அந்த நேரத்துக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அழித்தது நம்முடைய சாட்சியத்தை. போனின் குப்பைத்தொட்டியிலிருந்து அவன் வீட்டுக்குப் போய் மீட்டுக்கொள்வான், நம் கையில் ஒன்றும் மிஞ்சாது. 66-இ அளவுக்கான குற்றமாகத் தோன்றினால், போனோடு ஆளை நிறுத்தி 112-க்கு அழைப்பதே சரி. பெண்களுக்கு 181 இருக்கிறது.

ஏற்கெனவே இணையத்தில் ஏறிவிட்டதா? புகார் கொடுக்கும் முன் இணைப்பு முகவரி, கணக்கின் பெயர், தேதி, பின்னூட்டங்கள் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போனதும் அவர்களே நீக்கிவிட்டு, நான் போடவே இல்லை என்பார்கள். காவல் நிலைய எல்லை பற்றிக் கவலை வேண்டாம், பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றத்துக்கு எந்த நிலையத்திலும் புகார் தரலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றம் என்றால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம். நிர்வாணப் படம், மார்பிங் செய்த படம் என்றால், பாதிக்கப்பட்டவர் புகார் தந்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 விதிகள் கெடு வைத்தன, 2026-ல் வந்த திருத்தம் அதை இரண்டு மணி நேரமாகக் குறைத்தது. அப்படி இல்லாத சாதாரண வீடியோவுக்கு, யூடியூப்பில் அந்தரங்கப் புகார் என்று தனிப் படிவம் இருக்கிறது. முகமோ குரலோ அடையாளம் தெரிய வேண்டும், புகாரைச் சம்பந்தப்பட்டவரே தர வேண்டும். போட்டவருக்கு வழக்கமாக 48 மணி நேரம் அவகாசம் தருவார்கள்.

பூக்கார அக்காவின் பெயரில் அந்தப் படிவத்தை நிரப்பித் தந்தது அவர் மகள்தான். மூன்றாம் நாள் அந்தப் பையன் தானாகவே நீக்கிவிட்டான், அக்காவைத் தேடி வந்து, "தெரியாமப் பண்ணிட்டேன்மா" என்றும் சொன்னான். அக்கா அவனை உட்காரச் சொல்லி, அன்றைக்கு அவன் மொத்தமாக வாங்கிய பூவுக்கு எவ்வளவு ஆயிற்று என்று கணக்குச் சொன்னார். அறுநூற்று நாற்பது ரூபாய். மீதி ஆயிரத்து முந்நூற்று அறுபதை எண்ணி அவன் கையில் வைத்தார்.